பல்லுக்குக் கம்பி கட்டுமுன்

(தோட்டப் பாட்டாளிகள் கூட்டத்தில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)



பிள்ளைகளின் பற்கள் முன்னே நீண்டோ, ஒன்றன்மேல் ஒன்று ஏறியோ வளர்ந்திருந்தால் பெற்றோர் கவலைப்படுவது இயல்பு. அது அழகைப் பற்றிய கவலை மட்டுமன்று. நெருங்கி நிற்கும் பற்களைத் துலக்குவது கடினம். அதனால் சொத்தையும் ஈறு நோயும் எளிதில் வரும். இக்குறைக்குக் கம்பி கட்டுதல் நல்ல மருத்துவமே. ஆயினும், கம்பி கட்டுவதற்கு முன்பு செய்யவேண்டிய ஆய்வு அதனினும் முக்கியமானது.

பல் என்பது சுவரில் அறைந்த ஆணி போன்றதன்று. தாடை எலும்பிலுள்ள குழியில், மெல்லிய நார்களால் பிணைக்கப்பட்டு நிற்கிறது. கம்பி மெல்ல அழுத்தும்போது, பல் நகரும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. மறுபக்கத்தில் புதிய எலும்பு வளர்கிறது. மாதத்திற்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அளவே பல் நகரும். எனவேதான் இச்சிகிச்சை பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் நீள்கிறது. அவசரப்பட்டு மிகுதியாக அழுத்தினால் பல்லின் வேர் கரையலாம், பல் ஆட்டங்காணலாம்.

எல்லாருடைய தாடையும் ஒரே தன்மையுடையதன்று. பொதுவாக, கீழ்த்தாடை எலும்பு மேல்தாடையைவிடக் கெட்டியானது. முக அமைப்பும் இதனோடு தொடர்புடையது. அகன்ற முகமும் சதுரத் தாடையும் உடையோர்க்குப் பெரும்பாலும் மெல்லும் தசைகள் வலுவாகவும், தாடை எலும்பின் மேற்புறம் தடித்தும் இருக்கும். அங்கே பல் மெதுவாக நகரக்கூடும். நீண்டு ஒடுங்கிய முகத்தினர்க்கு அந்த எலும்பு மெல்லியதாக இருப்பதுண்டு. அங்கே பல்லை எலும்பின் எல்லைக்கு வெளியே தள்ளிவிடாதபடி காக்கவேண்டும்.

பால்மரம் வெட்டும் உங்களுக்கு இது புதிதன்று. பட்டையின் தடிப்பு அறியாமல் கத்தியை ஆழ இறக்கினால் மரம் காயப்படும். மறுபட்டை மேடும் பள்ளமுமாக வளரும். மரத்திற்கு மரம் கை மாறவேண்டும் என்பதை அறிந்தவர்கள் நீங்கள். தாடைக்குத் தாடை மருத்துவமும் மாறவேண்டும்.

முகத்தை வெறுங்கண்ணால் பார்த்து எலும்பை அளந்துவிட இயலாது. 1931-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் பிராட்பென்ட், தலையை அசையாமல் நிறுத்திப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுக்கும் முறையை வெளியிட்டார். தாடைகளின் நிலையையும் கோணத்தையும் அளக்க அம்முறை இன்றும் பயன்படுகிறது. பல் அச்சு, எக்ஸ்ரே, முகப் பரிசோதனை ஆகியவற்றை ஒருங்கே ஆராய்ந்த பின்னரே நிபுணர் திட்டம் வகுப்பார்.

இவ்வாய்வு ஏதுமின்றி, மலிவு விலையில் கம்பி ஒட்டித் தருவோர் நம் நாட்டில் உள்ளனர். 2017-ஆம் ஆண்டில் மலாக்காவில், தகுதியின்றி இத்தொழில் செய்த ஒருவருக்கு நீதிமன்றம் 70,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. 2022 ஜனவரி முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த 2018-ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டத்தின்படி, இக்குற்றத்திற்கு 300,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஆறாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆனால், அபராதம் கட்டுவதால் கெட்டுப்போன பல் மீண்டும் முளைக்காது. நிலைப்பல் ஒருமுறைதான் வரும்.

ஆகவே, பெற்றோர் செய்யவேண்டியவை சில உள. பால்பல்தானே என்று சொத்தையை அலட்சியம் செய்யாதீர்கள். அது முன்கூட்டியே விழுந்தால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, நிலைப்பல்லின் இடத்தை அடைத்துவிடும். விரல் சூப்பும் பழக்கத்தை நிலைப்பற்கள் முளைக்கும் முன்பே நிறுத்துங்கள். ஏழு வயதளவில் பிள்ளையின் கடிவாயைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். பள்ளிக்கு வரும் பல் மருத்துவக் குழுவினரிடமோ அரசாங்கப் பல் சிகிச்சையகத்திலோ கேட்டால், தேவைப்படுவோரை நிபுணரிடம் அனுப்புவர். அங்கே காத்திருக்க நேரிடலாம், காத்திருப்பதில் நட்டமில்லை. தனியாரிடம் செல்வதாயின், அவர் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா என்பதைக் கேட்டறியுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கம்பியைக் கழற்றிய பிறகும், மருத்துவர் தரும் தாங்கு கருவியைச் சொன்னபடி அணியவேண்டும். இல்லையேல் பற்கள் பழைய இடத்தை நாடிச் செல்லும்.

பாடுபட்டுச் சேர்த்த பணம் உங்கள் பிள்ளைகளின் நலத்திற்கே பயன்படட்டும்.