சடத்துவமும் பஸ்ஸின் படியும்
(மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியராகிய நாம் பௌதிகம் பேசப் புகுந்ததென்னை எனச் சிலர் வினவலாம். நும்மிற் பலர் நாடோறும் பஸ்ஸின் படியில் தொங்கி வரக் காண்கின்றோம். அக்கவலையே நம்மைப் பேசச் செய்கின்றது.

புறவிசை தாக்காதவரை, இயங்கும் பொருள் நேர்கோட்டில் ஒரே வேகத்துடன் சென்றுகொண்டே இருக்கும். இது 1687-ஆம் ஆண்டு ஐசக் நியூட்டன் தம் நூலில் வெளியிட்ட முதல் விதி. இடப்புறப் படியில் நிற்குங்கால் பஸ் வலப்புறம் திரும்பின், நும் உடல் நேரே செல்லவே முயலும். அதனை வளைத்துச் செலுத்துவன கம்பியைப் பற்றிய கையும் படியில் ஊன்றிய காலுமே.

50 கிலோகிராம் நிறையுள்ளான் ஒருவன், 25 மீட்டர் ஆரமுள்ள வளைவில், மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புதற்கு வேண்டிய விசை 50 நியூட்டன். ஏறக்குறைய 5 கிலோகிராம் பொருளின் எடை. வேகம் 36 ஆயின் அவ்விசை நான்மடங்காகி 200 நியூட்டனாம். 20 கிலோகிராம் மூட்டையின் இழுப்பாம். முதுகிற் புத்தகப் பை இருப்பின் இன்னும் மிகும். வியர்த்த கை நழுவின் விளைவதை யாம் சொல்லவும் வேண்டுமோ?

ஓடும் பஸ்ஸினின்று குதிப்பவனுக்கும் இதுவே கதி: நிலந்தொட்ட கால் நிற்கும்; மேலுடலோ முன்னோடும்.

இயற்கை விதி துணிவுடையான் என்று எவர்க்கும் இரங்காது. ஆதலின், உள்ளே இடமில்லையெனின் அடுத்த வண்டிக்குக் காத்திருமின். பெற்றோரும் காலந்தாழ்ந்து வந்த மக்களைக் கடியாதிருப்பாராக.