அருவிக்குப் போகுமுன் மலையைப் பாருங்கள்



விடுமுறை வந்துவிட்டால் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வேன் பிடித்து, கட்டுச் சோறும் மாற்றுத் துணியும் எடுத்துக்கொண்டு அருவிக்குப் புறப்படுவது கெடா மாநிலத்தில் நமக்குப் பழக்கமான ஒன்று. யான் வட்டாரத்தில் தித்தி ஹயூன், மெர்போக் பக்கம் தூப்பா, பாலிங் பக்கம் லாத்தா புக்கிட் ஹீஜாவ் என்று காட்டு அருவிகளுக்கு இங்கே குறைவில்லை. பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய கொண்டாட்டம் ஏது?

ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். தை மாதத்தில் பார்த்த அருவி வேறு. ஐப்பசியில் பார்க்கும் அருவி வேறு.

ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் நம் வட்டாரத்தில் மழை குறைவு. ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கத் தொடங்கும், பாலும் குறையும். அப்போது அருவியும் மெலிந்துவிடும். தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்து, அடியில் கிடக்கும் மணல்கூடத் தெரியும். குடும்பத்தோடு குளிக்க ஏற்ற காலம் இதுதான். ஆனாலும் பாசி படிந்த பாறையில் கால் வைக்காதீர்கள். மேலிருந்து தண்ணீருக்குள் குதிக்காதீர்கள். ஆழமாகத் தோன்றும் இடத்தில் பாறை மறைந்திருக்கலாம்.

ஏப்ரல், மே மாதங்களிலும், செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும் மழை மிகுதி. அருவி வெள்ளை வெளேரென்று இரைந்து விழும். அந்த அழகைப் படிக்கட்டில் நின்று பாருங்கள், சாரலில் நனையுங்கள், தண்ணீரில் மட்டும் இறங்காதீர்கள்.

சரி, மற்ற மாதங்களில் பயமின்றிப் போகலாமா என்று கேட்பீர்கள். மாதக் கணக்கு மட்டும் போதாது, நேயர்களே. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள், குனோங் ஜெராய் மலையில் பெய்த கடும் மழையால் மரங்களையும் பாறைகளையும் உருட்டிக்கொண்டு வெள்ளம் இறங்கியது. ஆறு உயிர்கள் போயின. மறு ஆண்டு ஜூலை 4ஆம் நாள், பாலிங் வட்டாரத்துக் கூப்பாங்கில் அதேபோன்ற வெள்ளம் மூன்று உயிர்களைக் கொண்டுபோயிற்று. இரண்டும் பெருமழை மாதங்களில் நடந்தவை அல்ல.

இது எப்படி நேர்கிறது? ஜெராய் மலை 1,217 மீட்டர் உயரம். கடலோரத்தில் தனியே நிற்கிறது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி, மேலே ஏறிக் குளிர்ந்து, மழையாகக் கொட்டுகிறது. உச்சியில் கொட்டும்போது அடிவாரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். சரிவு செங்குத்தானது, ஆற்றின் நீளமோ குறைவு. அதனால் மேலே பெய்த மழை விரைவில் கீழே வந்துவிடும். சரிந்த மண்ணும் விழுந்த மரங்களும் ஓடையை அடைத்துக்கொண்டு, பிறகு உடைந்தால், தண்ணீர் சுவர்போல் எழும்பி வரும். மலாய்க்காரர்கள் இதைக் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். தண்ணீரின் தலை என்று பொருள்.

ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரமுள்ள தண்ணீர் ஒரு டன் எடை உள்ளது. அத்தகைய எடை ஓடி வந்து மோதினால் எவ்வளவு நல்ல நீச்சல்காரரும் தாக்குப்பிடிக்க முடியாது.

நல்ல வேளையாக, ஆறு பல சமயங்களில் முன்கூட்டியே சொல்லிவிடும். தெளிந்த தண்ணீர் திடீரெனக் கலங்கும். இலையும் சுள்ளியும் மிதந்து வரும். தண்ணீர் மட்டம் சட்டென்று ஏறும்; சில வேளை காரணமின்றிக் குறையும். மேலிருந்து இரைச்சல் கேட்கும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே கரையேறுங்கள். ஆற்றோரமாகக் கீழ்நோக்கி ஓடாதீர்கள். பக்கவாட்டில் மேட்டின்மேல் ஏறுங்கள். சோற்றுப் பானை, செருப்பு, கைத்தொலைபேசி எதற்காகவும் திரும்பிப் போகாதீர்கள். யாராவது சிக்கிக்கொண்டால் 999 எண்ணை அழையுங்கள்.

போகும் நாளில் வானிலை அறிவிப்பைக் கேளுங்கள். மலையில் பெரும்பாலும் பிற்பகலில்தான் மழை கொட்டும். ஆகவே காலையிலேயே போய், நண்பகலுக்குள் குளித்து முடித்துவிடுங்கள். மலை உச்சியில் கருமேகம் கவிந்திருந்தால் குளியலை அன்றைக்கு விட்டுவிடுங்கள். பெரியவர் ஒருவர் தண்ணீரில் இறங்காமல் கரையில் இருந்து, ஆற்றின் மேற்பக்கத்தைக் கவனிக்கட்டும்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள் நம் பெரியவர்கள். அருவியில் ஆழத்தோடு மேலே இருக்கும் வானத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று குளிக்காமல் திரும்பினால் பிள்ளைகள் முகம் வாடும். பரவாயில்லை. அருவி அங்கேயேதான் இருக்கும். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகப் போகலாம்.