சிறுகனிகளும் பெருவிளம்பரமும்

(அருப்புக்கோட்டையில் நடைபெற்ற நமது சங்கக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி நிதியைக் குறித்தும் விடுதிக் கட்டடத்தைக் குறித்தும் பேசவேண்டிய மேடையில் பழங்களைக் குறித்துப் பேச வந்திருக்கிறோமே என்று உங்களிற் சிலர் புன்னகை செய்வதைக் காண்கிறோம். விஷயம் அவ்வளவு சிறியதன்று. திருச்சுழிப் பக்கத்துக் கிராமமொன்றில் நம்மவருள் ஒருவர், பெயர் சொல்ல வேண்டுவதில்லை, பல ஆண்டுகளாக நீரிழிவுக்கு மாத்திரை உட்கொண்டு சௌக்கியமாகவே இருந்துவந்தார். சென்ற ஆண்டில் அவருடைய கைப்பேசிக்கு ஒரு விளம்பரம் வந்தது. நாவற்கொட்டைப் பொடியும் அயல்நாட்டு அபூர்வக் கனிகள் இரண்டின் சாரமும் சேர்ந்த பொடியென்றும், மூன்று மாதத்தில் சர்க்கரை வேரோடு நீங்கிவிடுமென்றும், மாத்திரையைத் தைரியமாக நிறுத்திவிடலாமென்றும் அதிற் கண்டிருந்தது. அவர் நிறுத்தினார். பின்னர் உள்ளங்காலில் கருவேல முள் ஒன்று தைத்தது. முள் தைக்காத கால் நம் சீமையில் ஏது? அப்புண் ஆறவில்லை. மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது இரண்டு விரல்களை எடுக்கவேண்டியதாயிற்று.

அவ்விளம்பரத்தை நாமும் வாங்கிப் படித்தோம். குணமடைந்தோர் எழுதியதாகக் கடிதங்கள் இருந்தன; வெள்ளை அங்கி தரித்த ஒருவரின் படமும், பின்னால் ஓர் அடர்ந்த வனத்தின் படமும் இருந்தன. எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், எத்தனை நாள் கொடுத்தார்கள், கொடுக்கப்பெறாதவரோடு ஒப்பிட்டார்களா என்னும் மூன்று விவரங்கள் மாத்திரம் எங்கும் காணப்படவில்லை. அக்கேள்விகளைக் கையிற் பிடித்துக்கொண்டே இன்று இக்கனிகளை அணுகுவோம்.

பட்டணத்துக் கடைகளில் இக்காலத்தில் பெரிதும் பேசப்படுபவை கோஜி, அசாய், புளூபெர்ரி என்பன. கோஜி என்பது சீனத்தின் நிங்சியாப் பிரதேசத்தில் மிகுதியாகப் பயிராகும் சிவந்த சிறுகனி. இமயமலைக் கனியென்று பெயரிட்டு விற்பதும் பெரும்பாலும் சீனத்திலிருந்து வருவதே. தாவர நூலார் அதனை நமது மணத்தக்காளியும் கத்தரியும் மிளகாயும் அடங்கிய குடும்பத்திலேயே சேர்த்திருக்கின்றனர். சீனர் அதை உலர்த்திச் சாறுகளிலும் கஞ்சியிலும் இட்டு உண்பர். அசாய் என்பது பிரேசில் தேசத்து அமேசான் காட்டில் விளையும் ஒருவகைப் பனையின் கனி. அங்குள்ள ஏழைமக்கள் அதைக் கூழாகப் பிசைந்து மரவள்ளி மாவோடும் மீனோடும் உண்கின்றனர். நாம் பனம்பழத்தைச் சுட்டுத் தின்பதில்லையா, அதுபோல என்று கொள்ளலாம். புளூபெர்ரி வட அமெரிக்காவுக்கு உரியது. மூன்றும் நல்ல பழங்களே. கிடைத்தால் தின்பதில் யாதொரு தோஷமுமில்லை. ஆயினும், இரத்தம் உறையாதிருக்க வார்பரின் மாத்திரை உட்கொள்வோர் கோஜியைத் தொடாதிருத்தல் நலம். இரண்டும் சேர்ந்து இரத்தப்போக்கை உண்டாக்கியதை வைத்தியர்கள் பதிவு செய்திருக்கின்றனர்.

இவற்றிற்கு ‘சூப்பர் புட்’ என்று ஒரு பட்டம் சூட்டியிருக்கிறார்கள். இது சாஸ்திரிகள் கொடுத்த பட்டமன்று. முதல் உலக யுத்த காலத்தையொட்டி, யுனைடெட் புரூட் கம்பெனி என்னும் அமெரிக்கக் கம்பெனி தான் இறக்குமதி செய்த சரக்கை மக்களிடையே பரப்புவதற்காக இவ்வகை விளம்பரங்களைச் செய்தது. அச்சரக்கு யாதென்று நினைக்கிறீர்கள்? வாழைப்பழம்! அன்றைய அற்புதக் கனி இன்று நம் பெட்டிக்கடைகளில் கயிற்றில் தொங்குகிறது. ஐரோப்பிய யூனியனில் 2007 முதல், அங்கீகாரம் பெற்ற பயன் ஒன்றைக் குறிப்பிட்டாலன்றி இப்பட்டத்தைச் சரக்கின்மேல் அச்சிடுவதற்கில்லை.

இக்கனிகளைப் புகழ்வோர் முதலில் வீசும் சொல் ‘ஆன்டி ஆக்சிடன்ட்’ என்பது. பிராணவாயுவின் செய்கையால் தேகத்தின் அணுக்களுக்கு நேரும் சிதைவைத் தடுக்கும் பொருள் என்பது அதன் கருத்து. கனியின் கருநிறத்திலும் செந்நிறத்திலும் அத்தகைய பொருள்கள் உண்டென்பது மெய். சோதனைக் குழாயில் இட்டு அவற்றின் வலிமையை அளந்து, இந்தப் பழத்துக்கு இத்தனை எண், அந்தப் பழத்துக்கு அத்தனை எண் என்று அமெரிக்க விவசாய இலாகாவே ஓர் அட்டவணையை வெளியிட்டிருந்தது. வியாபாரிகள் அவ்வெண்களைப் பெட்டிகளின்மேல் அச்சடித்துக் கொண்டாடினர். 2012 ஆம் ஆண்டில் அவ்விலாகா அட்டவணையை நீக்கிவிட்டது. குழாயில் காணும் எண்ணுக்கும் மனித தேகத்தில் விளையும் நன்மைக்கும் தொடர்பில்லையென்பதும், கம்பெனிகள் அதைத் தவறாகப் பயன்படுத்துகின்றன என்பதும் அது கூறிய காரணங்கள். இரைப்பையும் குடலும் ஈரலும் கண்ணாடிக் குழாயன்று அல்லவா? பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,000 பேருக்கு மேற்பட்டோரை வைத்து நிகழ்ந்த பெரிய பரிசோதனையின் முடிவு 1994 இல் வெளிவந்தது. இத்தகைய தடுப்புப் பொருள்களுள் ஒன்றான பீட்டா கரோட்டீனை மாத்திரையாக உண்டவரிடத்தில் நுரையீரற் புற்றுநோய் குறைவதற்குப் பதிலாக அதிகமாயிற்று. பழத்தில் உள்ள நல்ல பொருளைப் பிரித்தெடுத்து அடைத்துக் கொடுப்பதாகச் சொல்லும் எந்தப் பொட்டலத்தைக் கண்டாலும் நமக்கு அந்தப் பின்லாந்து நினைவு வருகிறது.

நியாயமாகப் பேசவேண்டுமாகையால் மறுபக்கத்தையும் சொல்வோம். இங்கிலாந்தில் நடந்து 2019 இல் பிரசுரமான ஒரு பரிசோதனையில், பருத்த தேகமும் சர்க்கரை வரும் அறிகுறிகளும் உடைய 115 பேர் ஆறு மாத காலம் பரிசோதிக்கப்பட்டனர். நாள்தோறும் ஒரு கோப்பை அளவுள்ள புளூபெர்ரியை உலர்த்திப் பொடியாக்கி உண்டவர்களுக்கு இரத்தக் குழாய்களின் செய்கை ஓரளவு சீர்ப்பட்டது. அரைக் கோப்பை உண்டவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. இன்சுலின் வேலை செய்யும் திறனிலோ இரத்த அழுத்தத்திலோ மாறுதல் காணப்படவில்லை. பரிசோதனைக்குப் பணம் கொடுத்தவர்களுள் அமெரிக்கப் புளூபெர்ரி விவசாயிகளின் சபையும் உண்டு. அதனால் முடிவு பொய்யாகிவிடாது, ஆயினும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஆகவே ஒரு சிறிய நன்மை உண்டு. அதைப் பெற ஆறு மாதம் தினந்தோறும் ஒரு கோப்பை வேண்டும். நம் ஊர்க் குடும்பஸ்தர் எவர் அதற்குப் பணம் கட்டமுடியும்? அசாயின் கதை இன்னும் மோசம். செய்திப் பத்திரிகை போல் வேஷமிட்ட பொய்த் தளங்களை அமைத்து, அசாய் உண்டால் உடல் மெலியுமென்று விற்றவர்கள் மீது அமெரிக்க அரசின் வணிக ஆணைக்குழு 2011 இல் நீதிமன்றம் சென்றது.

இதுவரை சொன்னதைக் கேட்டுப் பலர் தலையசைத்தீர்கள். அயல்நாட்டுப் பண்டமென்றால் அப்படித்தான், நம்முடைய நெல்லியும் நாவலும் இருக்கையில் அவை எதற்கு என்று முன்வரிசையிலுள்ள பெரியவர் ஒருவர் உரக்கவே சொன்னார். இங்கேதான் நாம் சற்று நிற்கவேண்டும். விரலிழந்த நம் சகோதரர் வாங்கிய பொடியில் முதற்சரக்கு நம்முடைய நாவற்கொட்டையே!

நெல்லியையே எடுத்துக்கொள்வோம். அதியமான் ஔவைக்கு அளித்த கனியென்பதால் அதன்மேல் நமக்குள்ள பிரியம் பெரிது. அதன் புகழ் வெறும் கதையுமன்று. நமது நீலகிரியிலுள்ள குன்னூரில் மக்காரிசன் என்னும் வைத்தியர் 1918 இல் தொடங்கிய ஆராய்ச்சிச் சாலையே பின்னர் வளர்ந்து, 1958 இல் ஹைதராபாதுக்கு மாறி, தேசிய உணவூட்ட நிறுவனமாக விளங்குகிறது. குன்னூர் ஆராய்ச்சியாளர் நெல்லியில் உயிர்ச்சத்து ‘சி’ மிகுதியென்று கண்டிருந்தனர். 1939-40 இல் வடநாட்டு ஹிஸ்ஸார் ஜில்லாவில் பஞ்சம் வந்து, அச்சத்துக் குறைவால் ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் பரவியபோது நெல்லி கொடுக்கப்பட்டு நற்பலன் தந்தது. இன்ன நோய்க்கு இன்ன சத்துக் குறைவு காரணம், அச்சத்து இக்கனியில் உண்டு, கொடுத்துப் பார்த்தபோது நோய் தணிந்தது என்னும் மூன்றும் அங்கே பொருந்தி நின்றன.

ஆனால் நெல்லியின் அளவிலும் மிகை புகுந்ததுண்டு. 100 கிராமுக்கு 600 மில்லிகிராம் என்று பழைய அட்டவணைகள் கூறின. இன்றும் மேடைதோறும் அவ்வெண்ணே முழங்குகிறது. அந்நிறுவனமே 2017 இல் வெளியிட்ட புதிய அட்டவணையில் அது ஏறக்குறைய 250 என்று கண்டிருக்கிறது. கொய்யாவும் 200க்கு மேல் காட்டி நெல்லிக்கு அண்மையில் நிற்கிறது. புளூபெர்ரியிலோ சுமார் 10தான். நாளொன்றுக்கு வேண்டுவது ஏறக்குறைய 80 மில்லிகிராமாகையால், ஒரு பெரிய நெல்லிக்காய் போதும். மிகைப்படுத்தாமலே அதற்குப் பெருமை இருக்கிறது.

நாவலுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பிரேசிலிலும் நாவல் மரம் உண்டு. அங்கும் அதன் இலைக் கஷாயம் சர்க்கரையைப் போக்குமென்று மக்கள் நம்பிக் குடித்தனர். அந்நாட்டு ஆராய்ச்சியாளர் அதை மனிதருக்குக் கொடுத்துப் பார்த்து, இரத்தச் சர்க்கரை சிறிதும் குறையவில்லையென்று 2000 ஆம் ஆண்டில் எழுதினர். கொட்டைப் பொடி ஓரளவு குறைப்பதாகச் சில சிறு பரிசோதனைகள் கூறுகின்றன. மாத்திரையை நிறுத்துவதற்கு அவை எவ்விதத்திலும் ஆதாரமாகமாட்டா. நாவற்பழத்தை உப்பிட்டுக் குலுக்கி ஆனந்தமாகத் தின்னுங்கள். வைத்தியர் எழுதிக்கொடுத்த மாத்திரையையும் வேளை தவறாமல் விழுங்குங்கள்.

நமது கரிசற் காட்டின் இலந்தை, காரை, சூரை, சப்பாத்திக் கள்ளிப்பழம் ஆகியவற்றையும் இனி எவரேனும் பொட்டலம் கட்டி அற்புதம் என்று விற்க வருவார்கள். அன்றும் இதே மூன்று கேள்விகளைக் கேட்போம். கள்ளிப்பழத்தின் முள்ளை மண்ணில் தேய்த்து நீக்கி, வாயெல்லாம் சிவக்கத் தின்று, வீட்டில் அடி வாங்கியவர் இச்சபையில் பலர் இருப்பீர்கள். அதை மருந்தென்று எவரும் நமக்குச் சொல்லவில்லை.

இங்கு வந்திருப்போரிற் பலர் மளிகை வியாபாரிகளாகையால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. 1954 ஆம் ஆண்டின் மருந்துகள், மாயத் தீர்வுகள் சட்டம் நீரிழிவு முதலிய நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. அவ்விளம்பரத்தை வெளியிடுவதில் பங்குகொள்பவரும் குற்றவாளியே. கம்பெனிக்காரர் கொடுத்த அட்டையைக் கல்லாவுக்கு மேலே மாட்டுமுன் அதிலுள்ளதைப் படித்துவிடுங்கள். சட்டம் ஒருபுறமிருக்க, பொட்டலத்தை வாங்கிச் செல்பவர் பெரும்பாலும் நமக்குத் தெரிந்த ஒரு வீட்டுப் பெரியவரே. அவருடைய காலை நினைத்துக்கொண்டு விற்கவேண்டும்.

நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பமும் உண்டு. 2019-21 இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகை உடையவர்கள். கம்பிலும் கீரையிலும் பருப்பிலும் இரும்புச்சத்து உண்டு. ஆயினும் குடல் அதிற் சிறுபங்கையே ஏற்றுக்கொள்ளும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அதுவும் குறையும்; உயிர்ச்சத்து ‘சி’ உள்ள கனியைச் சேர்த்து உண்டால் கூடும். நெல்லி நம் வானம் பார்த்த பூமியில் தாங்கி வளரும் மரம். பவானிசாகரில் தேர்ந்தெடுத்த பி.எஸ்.ஆர். 1 முதலான இரகங்கள் இருக்கின்றன. மானாவாரிப் பழமரங்களைப் பற்றி அறிய விரும்புவோர்க்குக் கோவிலாங்குளத்திலுள்ள வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் அருகிலேயே இருக்கிறது.

ஆகவே, நம் மாணவியர் விடுதிகள் இரண்டனுள் ஒன்றில் மட்டும் மதிய உணவோடு நாளும் ஒரு நெல்லிக்காய், அது கிடைக்காத மாதங்களில் பாதிக் கொய்யா, கொடுத்துப் பார்க்கலாம். சர்க்கார் தரும் இரும்புச்சத்து மாத்திரை இரண்டு விடுதிகளிலும் தொடரட்டும். பெற்றோர் சம்மதத்தோடு தொடக்கத்திலும் ஆறு மாதம் கழித்தும் வைத்தியரைக் கொண்டு இரத்தத்தைப் பரிசோதித்து, இரண்டு விடுதிக் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். செலவு புளூபெர்ரி டப்பிகள் சிலவற்றின் விலையைத் தாண்டாது. பலன் ஒன்றும் காணாவிட்டால் அதையும் மறைக்காமல் இப்பத்திரிகையிலேயே பிரசுரிக்க வேண்டுமென்னும் நிபந்தனையோடு, இதை அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் வைக்குமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.