கறுப்பு வெள்ளையில் ஒரு சிவப்பு

1925ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். மாஸ்கோ நகரின் பால்ஷாய் அரங்கில் ஒரு பேசாப்படம் திரையிடப்படுகிறது. படத்தின் பெயர் 'போர்க்கப்பல் பொட்டெம்கின்'. இயக்கியவர் செர்கை ஐஸன்ஸ்டீன். 1905ஆம் ஆண்டில் கருங்கடலில் ஒரு போர்க்கப்பலின் மாலுமிகள் செய்த கலகமே கதை. கடலும் கப்பலும் மனித முகங்களும் கறுப்பாகவும் வெள்ளையாகவும் சாம்பலாகவுமே திரையில் ஓடுகின்றன. மாலுமிகள் கப்பலைக் கைப்பற்றிய பின் கொடிமரத்தில் ஒரு கொடி ஏறுகிறது. அந்தக் கொடி மட்டும் சிவப்பாய்த் தெரிகிறது!

நேயர்களே, வண்ணப் படச்சுருள் பரவலாக வழக்கில் வராத அக்காலத்தில் இந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது?

அந்நாளில் பெரிதும் வழங்கிய படச்சுருளுக்குச் சிவப்பு ஒளியை உணரும் ஆற்றல் இல்லை. சிவப்புத் துணியைப் படம் பிடித்தால் அது திரையில் கறுப்பாகவே தோன்றும். புரட்சிக் கொடி துக்கக் கொடியாகிவிடும். ஆதலின் படப்பிடிப்பின்போது ஏற்றப்பட்டது வெள்ளைக் கொடி. பின்னர், அரங்கில் காட்டவிருந்த பிரதியை எடுத்து, 108 பிரேம்களில் அந்தக் கொடிக்கு மட்டும் ஐஸன்ஸ்டீன் தம் கையாலேயே சிவப்புச் சாயம் தீட்டினார். நூற்றெட்டு என்றதும் நம்மவருக்கு அருச்சனை நினைவுக்கு வரும். அவருக்கோ அது திரையில் ஆறேழு விநாடிக் கணக்கு!

வெள்ளைத் துணியைத் தேர்ந்ததில் இன்னொரு பயனும் உண்டு. படச்சுருளில் தீட்டும் சாயம் கண்ணாடி போன்றது. ஒளி அதனூடே புகுந்து செல்ல வேண்டும். கறுப்பின்மேல் எவ்வளவு தீட்டினும் கறுப்பே எஞ்சும். வெள்ளை இருந்த இடத்தில்தான் சிவப்பு ஒளிவிடும்.

ஆறேழு விநாடிதானே என்று எளிதாக எண்ணிவிடலாகாது. பிரேம் எனப்படும் அச்சிறு படத்தின் அகலம் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். அது 6 மீட்டர் அகலமுள்ள திரையில் விரியும்போது 250 மடங்கு பெரிதாகிறது. தூரிகையின் நுனி அரை மில்லிமீட்டர் விலகினாலும் திரையில் அப்பிழை அரைச் சாணுக்குச் சற்றே மிகுதியாய் நிற்கும். அதுவும் ஒவ்வொரு பிரேமிலும் ஒவ்வொரு பக்கமாக விலகுமாதலால், வண்ணம் பொருளின்மேல் அமராமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். பழைய படங்களில் அந்த நடுக்கத்தைக் காணலாம். எனக்கு அது குறையாகத் தோன்றுவதில்லை. ஒரு மனிதக் கை அங்கே இருந்ததற்கு அதுவே சாட்சி.

இதற்கு முன்பே பாரிஸ் நகரில் எலிசபெத் துய்யே என்னும் அம்மையார் இதனை ஒரு தொழிலாகவே நடத்தினார். இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் அவரிடம் வேலை செய்தனர். ஒருத்தி ஒரு வண்ணத்தை மட்டுமே தீட்டுவாள். சுருள் அடுத்தவளிடம் போகும். ஜார்ஜ் மெலியேயின் படங்கள் அப்பட்டறையில்தான் வண்ணம் பெற்றன. பிறகு பாதே நிறுவனத்தார் வண்ணத்திற்கு ஒன்றாக ஸ்டென்ஸில் வெட்டி, அதன் வழியே சாயம் ஏற்றிப் பல பிரதிகளை விரைவில் முடித்தனர். 1924இல் வெளிவந்த 'கிரீட்' படத்தில் ஸ்ட்ரோஹைம் பொன்னான பொருள்களுக்கு மட்டும் மஞ்சள் ஏற்றச் செய்தார். படத்தின் பெயருக்குப் பேராசை என்பது பொருள். வண்ணத்திற்கு அங்கே வேறு விளக்கம் தேவையில்லை.

இக்காலத்தில் தூரிகையின் இடத்தைக் கணிப்பொறி பெற்றுவிட்டது. ஒரு படத்தின் ஒளியளவை ஒருபுறமும் நிறத்தை மற்றொரு புறமுமாகப் பிரித்து எண்களாக வைக்க அதற்கு இயலும். பழைய படம் தரும் ஒளியளவை அப்படியே வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் புதிதாகச் சேர்க்கிறார்கள். வண்ணம் ஏற்ற வேண்டிய பொருளைச் சுற்றிச் சில பிரேம்களில் மனிதர் எல்லைக்கோடு வரைந்து கொடுத்தால், இடைப்பட்டவற்றில் கணிப்பொறி அக்கோட்டைத் தொடர்ந்து செல்லும். ஒருவர் கை குறுக்கே வந்தாலோ துணி மடிந்தாலோ அது தடுமாறும். மீண்டும் மனிதர்தான் திருத்த வேண்டும். ஆழ்ந்த நிழலில் வண்ணம் தெரியாது. முழு வெள்ளையிலும் அது ஒட்டாது. ஒளியைச் சற்றுக் குறைத்த பிறகே ஏறும்.

இத்துணை வசதி வந்தபின்னும் ஒன்று மாறவில்லை. சாம்பல் நிறம் பொருளின் ஒளியைச் சொல்லுமேயன்றி அதன் நிறத்தைச் சொல்லாது. ஒரு பச்சையும் ஒரு சிவப்பும் படத்தில் ஒரே சாம்பலாய் விழக்கூடும். எங்கள் வீட்டுக் கூடத்தில் பாட்டியின் புகைப்படம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பெரிதாக்கிக் கொடுத்த ஸ்டுடியோக்காரர் புடவைக்கு அழகாகச் சிவப்புத் தீட்டியிருந்தார். "அது பச்சைப் புடவையடா, உன் தாத்தா எடுத்துக் கொடுத்தது" என்று பாட்டி கடைசி வரையில் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்தவர்கள் நம்பியது படத்தைத்தான்.

கதைப்படத்தில் இக்கேள்வி எழுவதில்லை. 1993இல் ஸ்பீல்பர்க் எடுத்த 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படம். கிராக்கோ நகரில் யூதர்களை அவர்கள் குடியிருப்பிலிருந்து வேட்டையாடும் காட்சியில் ஒரு சிறுமியின் மேலங்கி மட்டும் சிவப்பு. கூட்டத்தில் எவரும் அவளைக் கவனிப்பதில்லை. நாமோ அவளைத் தொடர்ந்து பார்க்கிறோம். பிறகு பிணவண்டி ஒன்றில் அதே சிவப்பு போகிறது. அந்த நிறத்தைத் தேர்ந்தவர் படைப்பாளரே. அதற்குப் பொறுப்பும் அவருடையதே.

ஆவணப் படத்தின் நிலை வேறு. முதல் உலகப் போரின் பழைய படச்சுருள்களுக்கு 2018இல் பீட்டர் ஜாக்ஸன் முழு வண்ணம் ஊட்டியபோது, அக்காலத்துச் சீருடைகளையும் போர் நடந்த நிலத்தையும் நேரில் ஒப்பிட்டே நிறங்களை முடிவு செய்தார். அப்படியும் அதனை ஒப்பாதவர் உண்டு. ஒரு பொருளுக்கு மட்டும் வண்ணம் ஏற்றுவதோ அதனினும் நுட்பமானது. ஊர்வலத்தில் ஆயிரம் பேர் செல்லும் பழைய படத்தில் ஒருவன் தலைப்பாகைக்கு மட்டும் வண்ணம் தந்தால், அவனைப் பார் என்று நாம் விரல் நீட்டுகிறோம். அன்று படம் பிடித்தவர் அவ்வாறு நீட்டவில்லை. இவ்வண்ணம் பின்னர் ஏற்றப்பட்டது என்று படத்தின் முகப்பிலேயே எழுதிக் காட்டாமல் இதைச் செய்யலாகாது என்பது என் கருத்து. ஜான் ஹியூஸ்டன் 1950இல் கறுப்பு வெள்ளையில் எடுத்த 'அஸ்பால்ட் ஜங்கிள்' படத்தை வண்ணமாக்கித் தொலைக்காட்சியில் காட்ட முற்பட்டபோது அவர் மக்கள் வழக்குத் தொடுத்தனர். பிரெஞ்சு நாட்டு உச்ச நீதிமன்றம் 1991இல் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது.

மெலியே 1902இல் எடுத்த 'சந்திர யாத்திரை'யின் கைவண்ணப் பிரதி ஒன்று 1993இல் ஸ்பெயின் நாட்டுப் பார்ஸிலோனா நகரில் கிடைத்தது. பல்லாண்டு உழைப்புக்குப் பின் 2011இல் கான் விழாவில் அதைத் திரையிட்டனர். படம் பிரெஞ்சுக்காரருடையது. ஆனால் அதில் அசையும் கொடியில் தீட்டப்பட்டிருப்பது சிவப்பும் மஞ்சளுமான ஸ்பெயின் நாட்டு வண்ணம். பிரதியை வாங்கியவர் எந்த நாட்டவரோ, கொடியும் அந்த நாட்டதாகிவிட்டது போலும்!