கடனை மறைக்காதீர்கள்



2017 அக்டோபர் 23 அன்று, நம் திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்தில், கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பமே தீக்குளித்தது. கணவன், மனைவி, இரண்டு சிறு குழந்தைகள் நால்வரும் இறந்தார்கள். அதை நாம் மறக்கக் கூடாது.

நூற்றுக்கு மாதம் 10 ரூபாய் வட்டிக்கு 10,000 ரூபாய் வாங்கினால், ஒரு வருடத்தில் 12,000 ரூபாய் வட்டியாகவே போய்விடும். அசல் அப்படியே நிற்கும். அதை அடைக்கக் குழுக் கடன், குழுக் கடனை அடைக்க நகை அடகு என்று வளர்ந்துகொண்டே போகும்.

வட்டி ஹராம் என்பது நமக்குத் தெரியாததல்ல. பிறகு ஏன் போகிறோம்? சொந்தக்காரரிடமோ ஜமாஅத்திலோ கேட்டால் நாலு பேருக்குத் தெரியும் என்ற வெட்கம். நிக்காஹ் விருந்தை ஊர் மெச்ச வைத்துவிட்டு, கடனை மட்டும் மறைக்கிறோம்.

ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடனாளியையும் குர்ஆன் சேர்த்திருக்கிறது. அப்படியிருக்க, கேட்பதில் என்ன இழிவு? கடன் கொடுத்தவர்களுக்கும் கட்டளை உண்டு: எழுதி வையுங்கள், சிரமப்படுபவருக்குத் தவணை கொடுங்கள்.

கந்துவட்டி 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்; மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. மிரட்டினால் புகார் கொடுக்கலாம்.

இன்றிரவே கணவனும் மனைவியும் உட்கார்ந்து எல்லாக் கடனையும் ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டாவது கடன் வாங்கும் முன் நம்மிடம் வாருங்கள். சொன்னது வெளியே போகாது.

கடன் சுமையிலிருந்து அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக. ஆமீன்.