நெடுவாசல் எதற்கு அஞ்சியது?

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி பக்கம் நெடுவாசல், வடகாடு, நல்லாண்டார்கொல்லை எல்லாம் பலாவும் தென்னையும் வாழையும் செழித்த ஊர்கள். இங்கே வெள்ளாமைக்கு ஆதாரம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான்.

2017 பிப்ரவரி 15 அன்று, நாட்டின் 31 பகுதிகளில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்க மத்திய அரசு ஒப்புதல் தந்தது. அவற்றில் நெடுவாசலும் ஒன்று. மறுநாளே ஊர் திரண்டு போராட்டத்தில் உட்கார்ந்தது.

இந்த வட்டாரத்துக்கு எண்ணெய்க் கிணறு புதிதல்ல. மத்திய அரசின் எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசி முன்பே சோதனைக் கிணறுகள் தோண்டியிருந்தது. பக்கத்திலேயே உழவும் நடந்தது. பிறகு ஏன் இந்தப் பயம்?

பொறியாளரின் கணக்கு இது: எண்ணெய் இருப்பது நிலத்தடி நீருக்கு வெகு ஆழத்தில், குழாயைச் சுற்றி எஃகும் சிமென்டும் காவல், கசிவுக்கு வாய்ப்பு குறைவு. விவசாயி கேட்பது வேறு: கசிந்துவிட்டால் யார் வந்து சரிசெய்வார்கள்?

அமெரிக்க உளவியலாளர் பால் ஸ்லோவிக் 1987-இல் 'சயின்ஸ்' இதழில் இந்த வேறுபாட்டைத்தான் எழுதினார். நிபுணர்கள் பெரும்பாலும் உயிரிழப்புக் கணக்கை வைத்து ஆபத்தை அளக்கிறார்கள். மக்களோ, அது தாமே ஏற்றதா, தம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, அடுத்த தலைமுறையையும் தொடுமா என்றும் பார்க்கிறார்கள். இதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது.

2018 நவம்பரில் கஜா புயல் இதே பகுதியில் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. இழப்பு பெரிது. ஆனாலும் மண்ணும் நீரும் மிஞ்சின. மறுபடி கன்று வைக்க முடிந்தது. நிலத்தடி நீர் கெட்டால் கன்று வைத்து என்ன பயன்?

2020 ஜனவரியில், எண்ணெய், எரிவாயு ஆய்வுப் பணிகளுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு வேண்டாம் என்று மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. அடுத்த மாதமே தமிழக அரசு, புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுக்கும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்தது. நெடுவாசல் அடங்கிய திருவரங்குளம் உள்பட புதுக்கோட்டையின் 5 ஒன்றியங்கள் அதில் சேர்ந்தன. அப்படியும் 2021 ஜூனில் மத்திய அரசின் எண்ணெய் வயல் ஏல அறிவிப்பில் புதுக்கோட்டை மாவட்டத்து வடதெரு இடம்பெற்றது. தமிழக முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

ஊரைக் கேட்காமல் எடுக்கும் முடிவு, சிறிய ஆபத்தையும் பெரிதாக்கிவிடும். தொழில் எதுவானாலும், திட்டம் முதலில் கிராம சபைக்கு வரட்டும். கிணற்று நீரின் பரிசோதனை முடிவு ஆண்டுதோறும் அங்கே படிக்கப்படட்டும். அதன் பிறகு மக்களின் பயம் நியாயமா, இல்லையா என்று பேசலாம்.