கால் பாவாதவர்களும் நியூட்டனும்



வேறு பரிமாணத்திலிருந்து ஒருவர் வந்தால் நம் இயற்பியல் விதிகளுக்குக் கட்டுப்படுவாரா? தாமிரபரணிக் கரைக்கு இது புதிய கேள்வி அல்ல. பேய்க்குக் கால் தரையில் பாவாது என்பார்கள் நம் ஆச்சிமார். அதே பேய் புளியங்கொப்பைப் பிடித்து உலுக்கும் என்றும் சொல்வார்கள். இரண்டும் சேர்ந்து நிற்காது. கொப்பைத் தள்ளினால் கொப்பும் திருப்பித் தள்ளும். ஊன்றிக்கொள்ளத் தரை இல்லாதவர் பின்னால் போக வேண்டியதுதான்.

கொடைவிழாவில் இந்தச் சிக்கல் இல்லை. காவல் தெய்வமான சுடலைமாடன் வருவது, சாமியாடும் கோமரத்தாடியின் உடம்பில். மகுடம் என்ற பறையின் அடிக்கு ஆடுகிற அந்த உடம்பு வியர்க்கிறது, களைக்கிறது. நம் புதுமைப்பித்தனும் இதே தடத்தில் போனவர்தான். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் சென்னைக்கு வந்த கடவுள் காப்பி குடிக்கிறார், நூறு ரூபாய் நோட்டை நீட்டுகிறார், பிள்ளையின் வைத்தியப் பத்திரிகைக்கு ஜீவிய சந்தாவும் கட்டுகிறார். இங்கே ஒன்றைத் தொட வேண்டுமானால் இங்குள்ள விசைகளைக் கொண்டுதான் தொட வேண்டும். என் கட்சி இதுதான்.

சரி, வேறு பரிமாணத்திலிருந்து வருகிறவருடைய சொந்த ஊரில் என்ன விதி? 1917இல் இயற்பியலாளர் பால் எரன்ஃபெஸ்ட் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். நம் முப்பரிமாண வெளியில் ஈர்ப்பு, தூரத்தின் இருபடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. நான்கு பரிமாணம் என்றால் முப்படிக்கு. அங்கே ஒரு கோள் வட்டப்பாதையிலிருந்து இம்மியளவு பிசகினாலும் சூரியனில் போய் விழும், அல்லது ஒரேயடியாக ஓடிவிடும். அணுவுக்குள் எலெக்ட்ரானுக்கும் அதே கதி. ஆகவே அந்த வெளியில் வாழ்கிறவர் நம்மைப் போன்ற அணுக்களால் ஆனவராக இருக்க முடியாது. அவருக்கு வேறு விதிகள் உண்டு. விதியே இல்லாவிட்டால் அவர் உடம்பு மறுநாள் வரை தாங்காது.

அப்படிப்பட்டவரை இங்கே வரவழைத்துச் சோதிக்கப் பார்த்தவர்களும் உண்டு. லைப்சிக் வானியலாளர் சோல்னர் 1877இல் ஹென்றி ஸ்லேட் என்ற ஆவியுலக ஊடகரை வைத்துச் சோதனைகள் தொடங்கினார். நான்காவது பரிமாணம் இருந்தால் இரு முனையும் கட்டிய கயிற்றின் முடிச்சைக்கூட அவிழ்க்கலாம், கணிதம் சரிதான். வெவ்வேறு மரத்தில் கடைந்த, வெட்டில்லாத இரண்டு வளையங்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்துத் தரும்படி கேட்டார். வளையங்கள் மேசைக்காலில் மாட்டிக் கிடந்தன! கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. நம் குறிகாரர்களுக்கும் இந்தச் சாமர்த்தியம் உண்டு. ஸ்லேட் முந்திய ஆண்டுதான் லண்டனில் மோசடி வழக்கில் நின்றவர்.

ஊடகர்களை விட்டுவிட்டு ஆய்வுக்கூடத்துக்கு வருவோம். ஈர்ப்பு மட்டும் கூடுதல் பரிமாணத்துக்குள் கசியலாம் என்று 1998இல் இயற்பியலாளர் மூவர் எழுதினார்கள். அதைத் தேடி, சியாட்டில் ஆய்வுக்கூடத்தில் முறுக்கு ஊசலைக் கொண்டு அளந்தார்கள். ஏறக்குறைய 0.05 மில்லிமீட்டர் இடைவெளி வரை நியூட்டனின் இருபடி விதி பிசகவில்லை. அப்படியொரு பரிமாணம் இருந்தாலும் அது அதைவிடச் சிறியதாகச் சுருண்டு கிடக்க வேண்டும். அவ்வளவு ஒடுங்கிய சந்திலிருந்து ஆறடி மாடன் எப்படிப் புறப்பட்டு வருவார் என்று, மாணவர்களே, கேள்வி நேரத்தில் நீங்கள் என்னை மடக்கலாம்.